அட்டைக்குப் பின்னால் விழுந்த எண்கள்

6 ஏப்ரல் 1986, ஞாயிறு

இன்றும் பொய் சொன்னேன். விழுந்தது மூன்று. பதினான்கு என்றேன்.

என்னோடு ஃபேக்டரியில் வேலை செய்கிற தனலெட்சுமி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "பாத்தீங்களா? என் முத்துநாச்சிய கடலும் ஒன்னும் பண்ண முடியாது, கொள்ளக்காரனும் ஒன்னும் பண்ண முடியாது!" என்று கத்தினாள். என் தம்பி வாசு மேசையைத் தட்டினான். அம்பிகைபாகன் சார் மட்டும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி, "அதிர்ஷ்டக்காரி" என்றார். நான் பகடையைச் சட்டென்று எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டேன். 

முப்பது வயதாகப் போகிறது எனக்கு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஜெலுத்தோங்கில் தம்பியின் ரேடியோ ரிப்பேர் கடைக் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, இல்லாத கப்பலில் இல்லாத கொள்ளைக்காரர்களோடு சண்டை போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து திருடி மாதிரி டயரி எழுதுகிறேன். யாராவது படித்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இந்த மாதத்தோடு விளையாடத் தொடங்கி இரண்டு வருடம். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரர் பழைய சாமான்களோடு விற்றுவிட்டுப் போன பெட்டி அது. அம்பி சார் வாங்கி வந்தார். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவர். உள்ளே வரைபடம் இருந்தால் எதையும் வாங்குவார். விளையாட்டு இவ்வளவுதான்: ஒவ்வொருவரும் தனக்கென்று ஓர் ஆளைக் கற்பனை செய்து, அந்த ஆளின் பலம், புத்தி, உயிர்ப்புள்ளி எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒருவர் கதை நடத்துவார். "கடலில் குதிக்கிறேன்", "கயிற்றை அறுக்கிறேன்" என்று மற்றவர்கள் சொல்ல, அது நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். புத்தகத்தில் இருந்த கோட்டையையும் குதிரையையும் தூக்கிப் போட்டுவிட்டு நாங்கள் மலாக்கா நீரிணையில் மிளகுக் கப்பல் விட்டோம்.

புத்தகத்தின் கடைசி இருபது பக்கத்தைக் கறையான் தின்றிருந்தது. ஆள் எப்படிச் சாவான் என்பது அதில்தான் இருந்திருக்க வேண்டும். ஆகவே சாவுக்கு நாங்களே சட்டம் போட்டோம். வாசு அதை 555 என்று அட்டையில் போட்ட ஒரு சின்னக் கணக்கு நோட்டில் எழுதி வைத்திருக்கிறான்: உயிர்ப்புள்ளி தீர்ந்துவிட்டால், கதை நடத்துகிறவர் இருபது முகப் பகடையை ஒரே ஒரு தடவை உருட்டுவார். ஐந்துக்குக் கீழே விழுந்தால் ஆள் போச்சு. பேச்சு கிடையாது.

கதை நடத்துகிறவள் நான். என் குறிப்புகளை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று, பிஸ்கட் பெட்டியை வெட்டி ஓர் அட்டை செய்து என் முன்னால் நிறுத்தியிருக்கிறேன். பகடையும் அதற்குப் பின்னால்தான் விழுகிறது.

நான் முதல் தடவை பொய் சொன்னது, தனம் எங்களோடு சேர்ந்த மாதம். பத்து காவான் என்ற தோட்டத்தில் அவள் அப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். விடுதி அறையில் தனியாக உட்கார்ந்திருக்க முடியவில்லை என்று வந்தாள். முத்துநாச்சி என்று ஒரு மாலுமிப் பெண்ணை ஆசை ஆசையாக எழுதினாள். மூன்றாவது ஞாயிறே அந்த முத்துநாச்சிக்குப் பகடையில் ஒன்று விழுந்தது. சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு தடவைதானே என்று நினைத்தேன். இன்றோடு மூன்று தடவை ஆகிவிட்டது.


9 ஏப்ரல், புதன்

ஃபேக்டரியில் எங்கள் லைனில் பாதி மேசை காலி. ஆர்டர் இல்லை. ஆள் இல்லாத மைக்ராஸ்கோப்புகளுக்குத் துணி போட்டு மூடியிருக்கிறார்கள். 


14 ஏப்ரல், திங்கள்

புத்தாண்டு. ஃபேக்டரிக்கு லீவு இல்லை. தனம் டப்பாவில் பாயசம் கொண்டு வந்திருந்தாள். கேண்டீனில் எல்லாருக்கும் ஒரே பேச்சு: பக்கத்து ஃபேக்டரியில் போன வாரம் இருநூறு பேரை நிறுத்திவிட்டார்களாம், அடுத்தது நாமாம்.

பாயசத்துக்குச் சர்க்கரை பற்றவில்லை. எல்லாரும் வாயை மூடிக்கொண்டு குடித்தார்கள். நான் சொல்லிவிட்டேன். "ரிஜெக்டா அக்கா?" என்று கேட்டுச் சிரித்தாள். ஃபேக்டரியில் எனக்குப் பெயரே ரிஜெக்ட் குணாதான். என் கண்ணில் பட்ட கோணல் கால் சிப் ஒன்றுகூட வெளியே போனதில்லை என்று லைன் முழுக்கத் தெரியும். அந்தக் குணவதிதான் ஞாயிற்றுக்கிழமை மூன்றைப் பதினான்கு என்கிறாள்.


20 ஏப்ரல், ஞாயிறு

வாசுவின் ஆள் செத்துவிட்டான். பாய்மரத்திலிருந்து விழுந்து. நான்கு விழுந்தது. "நாலு" என்றேன். இரண்டு வருடத்தில் அவனுக்கு இது மூன்றாவது சாவு.

"எனக்கு மட்டும் ராசியே இல்லலா," என்று சொல்லித் தாளைக் கசக்கிப் போட்டான். ஒரு நிமிஷம் முகம் வாடியது. பிறகு டீக்கடைக்குப் போய் எல்லாருக்கும் தே தாரிக் பையில் கட்டி வாங்கி வந்தான். அவன் அப்படித்தான்.

அவன் போயிருந்த நேரத்தில் அம்பி சார், "குணா, இந்த அட்டையை எடுத்துவிட்டால் என்ன? எல்லாருக்கும் தெரியவே உருட்டலாமே," என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அட்டை இல்லாவிட்டால் கதையில் என்ன சுவை இருக்கிறது, அடுத்து வருவது எல்லாருக்கும் தெரிந்துவிடும், அது இது என்று படபடவென்று பேசினேன். "ஓம், ஓம். உம்முடைய விருப்பம்," என்று விட்டுவிட்டார். தனம் என் பக்கம் பேசினாள். "அக்கா செஞ்சா சரியாத்தான் இருக்கும் சார்."

அந்த வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது. தூக்கம் வராது.


24 ஏப்ரல், வியாழன்

சூப்பர்வைசர் கூப்பிட்டார்.

என் பிரிவில் ஆறு பேர். ஒருவர் போக வேண்டும். நான்கு பேர் பழைய ஆட்கள், அவர்களைத் தொடக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு. மிச்சம் இரண்டு பேர், ஒரே மாதம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். சலேஹா, தனலெட்சுமி. மே ஐந்தாம் தேதி ஒரு பெயர் தர வேண்டும். காரணம் எழுத வேண்டாமாம், பெயர் போதுமாம். "லைன் லீடருக்குத்தானே தெரியும்" என்றார்.

நான் யார்? சிப்பைப் பார்த்து நல்லது கெட்டது சொல்கிறவள். அதற்குத்தான் சம்பளம். மனுஷிகளைப் பார்த்துச் சொல்ல யார் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்?


27 ஏப்ரல், ஞாயிறு

விளையாடினோம். தனம் பக்கம் திரும்பவே இல்லை நான். நல்ல வேளை, யாருக்கும் உயிர்ப்புள்ளி தீரவில்லை.

போகும்போது, "அக்கா, ஒடம்பு சரியில்லையா?" என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.


30 ஏப்ரல், புதன்

மறுபரிசோதனை நோட்டை எடுத்துப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

ஒருத்தி பார்த்து நல்லது என்று அனுப்பியதை இன்னொரு தடவை நாங்கள் பார்ப்போம். அதில் பிடிபடுவதெல்லாம் அவள் பெயரில் ஏறும். மூன்று மாதத்தில் சலேஹாவிடமிருந்து தப்பிப் போனது பன்னிரண்டு. தனத்திடமிருந்து முப்பத்தொன்று.

தனத்தின் மைக்ராஸ்கோப் பழசு என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பிப்ரவரியில் இரண்டு பேரும் இடம் மாறினார்களே? மாறிய பிறகும் அதே கதைதான். அவள் பேச்சுக்காரி, பேசிக்கொண்டே பார்ப்பாள். அது எனக்குத் தெரியும். என்னோடுதான் பேசுவாள்.


1 மே, வியாழன்

தொழிலாளர் தினம். லீவு. வாசு வெளியே போயிருக்கிறான். காலையிலிருந்து வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். தரையை இரண்டு தடவை துடைத்தேன். பிறகு பகடையை எடுத்தேன்.

ஒற்றை விழுந்தால் தனம், இரட்டை விழுந்தால் சலேஹா. யார் மேலும் எனக்குப் பகை இல்லை, பகடை சொல்லட்டும், விழுந்தது விழுந்ததுதான் — இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல பிள்ளை மாதிரி.

ஏழு விழுந்தது.

பகடை கட்டில் விளிம்பில் தட்டிவிட்டது, அது சேராது. மறுபடி. பதின்மூன்று. ஒரு தடவை போதாது, மூன்றில் இரண்டு என்று வைத்துக்கொள்ளலாம். அது முடிந்தபோது ஐந்தில் மூன்று. பிறகு ஏழில் நான்கு. கடைசியில் பதினொன்றில் ஆறு என்ற இடத்தில் சலேஹா வந்தாள். உடனே பகடையைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். கையில் என்ன அவசரம்! மூடியபோது விரல் நசுங்கியது.

ஒருத்தியின் சோற்றை முடிவு செய்யும்போதும் எனக்கு ஓர் அட்டை வேண்டியிருக்கிறது. வீட்டில் யாருமே இல்லை, யாரிடமிருந்து மறைத்தேன்?


5 மே, திங்கள்

சலேஹாவின் பெயரைக் கொடுத்துவிட்டேன்.


6 மே, செவ்வாய்

வாசு இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினேனாம். சோற்றில் கைவைத்தபடி உட்கார்ந்திருந்தேனாம். "என்னக்கா, ஃபேக்டரில ஏதும் சுசாவா, தொல்லையா?" என்றான். சத்தம் போட்டுவிட்டேன் அவனை. அவன் என்ன செய்தான் பாவம்.


11 மே, ஞாயிறு

எல்லாம் போச்சு.

புயல். முத்துநாச்சி சுக்கானைப் பிடித்திருந்தாள். பாறையில் மோதி உயிர்ப்புள்ளி தீர்ந்தது. தனம் கண்ணை மூடிக்கொண்டு, "உருட்டுங்கக்கா" என்றாள். உருட்டினேன். வாசுவின் வேலை மேசை அது. ஒரு பக்கம் கொஞ்சம் சரிவு. பகடை ஓர் ஆணித் தலையில் பட்டுத் துள்ளி, அட்டைக்கு அடியிலிருந்த இடைவெளி வழியாக அந்தப் பக்கம் ஓடிவிட்டது. அதற்குள் என் வாய், பழகின வாய், "பதினொன்னு" என்று சொல்லிவிட்டது.

பகடை தனத்தின் முழங்கைக்குப் பக்கத்தில் நின்றது. இரண்டு.

அவள் கண்ணைத் திறந்து பகடையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி பகடையைப் பார்த்தாள். சிரிக்கப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

"எத்தன தடவ?" என்றாள்.

நான் ஏதோ சொன்னேன். இன்றைக்குத்தான், கை தவறி — என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

"எத்தன தடவன்னு கேட்டேன்."

"மூனு. இதோட நாலு."

"மொத மொத எப்ப?"

"நீ வந்த மாசம்."

"அப்பா செத்தப்பவா?" அவள் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அப்ப ரெண்டு வருஷமா நான் விளையாடவே இல்ல. நீங்க எனக்கு விளையாட்டு காட்டிக்கிட்டு இருந்திருக்கீங்க. அந்த ஏழு கப்பல புடிச்சது, அந்தத் தீவ சுத்தி வந்தது... ஒன்னுமே நான் பண்ணலையா? எல்லாம் நீங்க போட்ட பிச்சையா?"

அவள் திட்டியதுகூடப் பரவாயில்லை. வாசு பேசினானே, அதுதான். அவன் கத்தவில்லை. "என் ஆளுங்க மூனு பேரும் செத்தானுங்களேக்கா. அப்ப மட்டும் ஏன் நீ பொய் சொல்லல?" என்று கேட்டான்.  நீ தாங்கிக்கொள்வாய் என்று நினைத்தேன், என்று சொல்லலாமா? அதையா ஒரு தம்பியிடம் சொல்வது?

தனம் முத்துநாச்சியின் தாளை நான்காகக் கிழித்து மேசை மேல் வைத்துவிட்டுப் போனாள். அம்பி சார் அந்தத் துண்டுகளை ஒன்று சேர்த்து அடுக்கினார். பிறகு ஒன்று சொன்னார்: "இரண்டில் எது விழுந்தாலும் ஏற்றுக்கொள்வேன் என்றால்தான் உருட்ட வேணும், குணா. ஒன்றைத்தான் ஏற்பீர் என்றால் பேசாமல் அதைச் சொல்லிவிட வேணும். எதற்குப் பகடை?"

அவர் விளையாட்டைப் பற்றித்தான் சொன்னார். எனக்குக் கட்டிலும், ஏழும், பதின்மூன்றும் ஞாபகம் வந்து உடம்பெல்லாம் கூசியது.


12 மே, திங்கள்

ஃபேக்டரி பஸ்ஸில் தனம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சமாதானம் ஆகிவிட்டாள் என்று ஒரு விநாடி சந்தோஷப்பட்டேன், முட்டாள்.

"ஆள் கொறைக்கறத பத்தி லைன் பூரா பேச்சு. லிஸ்ட்டு குடுத்தாச்சா?" அக்கா என்று சொல்லவில்லை.

"ம்."

"என் பேரா, சலேஹா பேரா?"

பஸ் பாலத்து ரோட்டைத் தாண்டியது. அவள் காத்துக்கொண்டே இருந்தாள்.

"சலேஹா."

"அந்த மறுபரிசோதன நோட்ட அடுக்கி வைக்கறது நான்தான். தெரியும்ல? என் கணக்கு எனக்குத் தெரியும். அவ கணக்கும் தெரியும்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "என் ஆளத்தான் பொய்யா உசுரோட வெச்சிருந்தீங்க. என்னையுமா?"

"தனம், உங்க அம்மா, தம்பி தங்கச்சி எல்லாம் —"

"சலேஹாவுக்கு யாரும் இல்லையா?"

இறங்கும்போது சொன்னாள்: "நீங்க என்ன பண்ணணுமோ பண்ணுங்க. எனக்காகப் பண்ணேன்னு மட்டும் சொல்லாதீங்க."

சலேஹாவுக்கு நோன்பு. கேண்டீனுக்கு வராமல் மேசையிலேயே தலை சாய்த்திருந்தாள். மணி அடித்ததும் முகம் கழுவி வந்து உட்கார்ந்தாள். இன்று முழுக்க அவளிடமிருந்து ஒன்றுகூடத் தப்பவில்லை. நான் நான்கு தடவை எண்ணிப் பார்த்தேன்.


13 மே, செவ்வாய்

தனத்துக்கு உதவுவதாக நினைத்தேன். இல்லை. நல்லவள் என்று அவள் என்னை நினைக்க வேண்டும், அவ்வளவுதான். என் ஆசைக்குச் சலேஹாவைக் கொடுத்திருக்கிறேன். எழுதக் கை கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.


14 மே, புதன்

நோட்டை எடுத்துக்கொண்டு சூப்பர்வைசர் அறைக்குப் போனேன். பட்டியல் மத்தியானம் மேலே போகிறது, இப்போது வந்து நிற்கிறாயே என்று எரிந்து விழுந்தார். பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். பன்னிரண்டு. முப்பத்தொன்று. படித்துவிட்டு நிமிர்ந்தார். "இந்தப் பெண் உன் தோழி இல்லையா? ஞாயிற்றுக்கிழமை உன் தம்பி கடைக்கு வருகிறவள்?" என்றார். ஆமாம் என்றேன். சலேஹாவின் பெயரை அடித்துத் தனத்தின் பெயரை எழுதினார். பேனா மை அரை நிமிஷத்தில் காய்ந்துவிட்டது.

கடிதம் வருவதற்கு முன்னால் நானே சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வேலை முடிந்து லாக்கர் அறையில் தனத்திடம் சொன்னேன். "ஒன் பேர குடுத்துட்டேன். நான்தான் குடுத்தேன்." இவ்வளவுதான் சொன்னேன். மன்னித்துக்கொள் என்று சேர்க்க நினைத்து அடக்கிக்கொண்டேன், அதுவும் எனக்காகத்தானே.

அவள் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். மாட்டி முடிக்கிற வரைக்கும் தலையைத் தூக்கவில்லை.

"சரி," என்றாள். "இப்ப போங்க."


30 மே, வெள்ளி

அவளுக்குக் கடைசி நாள். லைன் முழுக்க அழுதது. சலேஹாதான் அதிகம் அழுதாள். தனத்தைக் கட்டிப்பிடித்து விடவே மாட்டேன் என்றாள். பிறகு என்னிடம் வந்து, மலாயில், "அக்கா, நீங்கள் மனது வைத்திருந்தால் ஏதாவது செய்திருக்க முடியாதா?" என்று கேட்டாள்.

தனம் அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முதலில் கொடுத்தது உன் பெயரைத்தான் என்று சலேஹாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.


1 ஜூன், ஞாயிறு

விளையாட்டு இல்லை.


8 ஜூன், ஞாயிறு

இல்லை. வாசு கடையைத் திறந்து யாருடைய டிவியையோ பழுது பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமையும் வேலையா என்றால், வேறு என்ன செய்வது என்கிறான். என்னோடு பேசுகிறான். முன்பு மாதிரி இல்லை. முட்டை பொரித்தால் எனக்கும் ஒன்று பொரித்து வைக்கிறான், அவ்வளவுதான்.


11 ஜூன், புதன்

நோன்புப் பெருநாள் லீவு இன்னும் முடியவில்லை. சும்மா இருக்க முடியாமல் பகடையைச் சோதித்தேன். படுக்கை விரிப்பை மடித்துப் போட்டு, எண்ணூறு தடவை உருட்டினேன். ஒவ்வொன்றையும் கோடு போட்டுக் குறித்தேன். கை வலித்தது. ஏதாவது ஒரு முகம் தேய்ந்திருக்கும், சின்ன எண்கள் கூடுதலாக விழும், அப்படி இருந்தால் பாதிக் குற்றம் பகடை மேல் போகும் — இதுதான் ஆசை.

எல்லா முகமும் ஏறக்குறைய நாற்பது நாற்பது. நல்ல பகடை. ரிஜெக்ட் செய்ய ஒன்றும் இல்லை.


15 ஜூன், ஞாயிறு

அம்பி சார் அவராகவே வந்தார். மூன்று பேர் உட்கார்ந்தோம். நான் அட்டையை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டேன். வாசு 555 நோட்டைத் திறந்து, எழுதியதைப் படித்துக் காட்டினான்: "எல்லாரும் பாக்கறாப்புல உருட்டணும். வெளிய விழுந்தாலும் விழுந்ததுதான். எது விழுந்தாலும் சரின்னாதான் உருட்டணும்." பிறகு என்னை நேராகப் பார்த்து, "இதுக்கு நீ கையெழுத்துப் போடு" என்றான். சட்டத்துக்கெல்லாம் இதுவரை யாரும் கையெழுத்துப் போட்டதில்லை. போட்டேன்.

ஆட்டம் சப்பென்று இருந்தது. சுக்கான் பிடிக்க ஆள் இல்லாத கப்பல். நான்கு மணிக்கே நிறுத்திவிட்டோம்.


6 ஜூலை, ஞாயிறு

பாலம் வழியாகப் பஸ் பிடித்து, இறங்கி, இன்னொரு பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நின்று, தனத்தின் வீட்டுக்கு, பத்து காவான் போனேன். போன வாரமும் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பிவிட்டேன். இன்று போய்விட்டேன்.

தனம் இல்லை. தையல் கடை ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமையும் பாதி நாள் உண்டாம். அவள் அம்மா கோப்பி கலந்து கொடுத்தார். என் பெயரைச் சொன்னதும் யோசித்தார். "ஃபேக்டரியில சிநேகிதியா? உங்களப் பத்தி அவ பேசினதே இல்லையேம்மா."

கோப்பியைச் சூடாகவே குடித்து வாயைச் சுட்டுக்கொண்டேன். வந்ததாகச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாமா என்று பார்த்தேன். அதுவும் மறைப்பதுதானே. "குணவதி வந்துட்டுப் போனேன்னு சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு வந்தேன்.


19 ஜூலை, சனி

ஒன்றும் இல்லை. எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை? ஆனாலும் பஸ் நிற்கும் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கிறேன்.


2 ஆகஸ்ட், சனி

சலேஹாவை லைன் லீடர் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். கேட்டதும் சந்தோஷம் வந்தது. சந்தோஷப்பட்டது தப்பு மாதிரியும் இருந்தது. இரண்டும் ஒன்றாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.


24 ஆகஸ்ட், ஞாயிறு

இரண்டு மணிக்கு அம்பி சார் வரைபடத்தை விரித்துக்கொண்டிருந்தார். பாதி சாத்திய கதவைத் தள்ளிக்கொண்டு தனம் வந்தாள்.

கொஞ்சம் இளைத்திருக்கிறாள். விரல் நுனியில் ஊசி குத்திய தழும்புகள். யாரையும் நலம் விசாரிக்கவில்லை. நேராக வந்து, நான் உட்காரும் நாற்காலிக்கு முன்னால் நின்றாள். எழுந்தேன். உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வைத்தாள்.

"இன்னிக்கு நான் நடத்தறேன்," என்றாள். "கத எழுதியிருக்கேன். தையக் கடையில கை வேல பாக்கும், மண்டை சும்மாதான கெடக்கு."

 வாசு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினான். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக எனக்கென்று ஓர் ஆளை எழுதினேன். கப்பல் சமையல்காரி, பெயர் வடிவு. அவசரத்தில் வேறு ஒன்றும் தோன்றவில்லை. பலம் குறைவு, புத்தி கூடுதல்.

தனம் நன்றாக நடத்துகிறாள். என்னைவிட நன்றாக, அதைச் சொல்லிவிட வேண்டும். கப்பல் தீப்பிடித்தது. எல்லாரும் படகுக்கு ஓட, நான் கீழே அடைபட்டிருந்த ஆடுகளைத் திறந்துவிடப் போனேன். வாசு, "ஏய், ஆட்டுக்காகவா போற?" என்று கத்தினான். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, வடிவுக்கு உயிர்ப்புள்ளி தீர்ந்தது.

தனம் பகடையை எடுத்தாள். உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு மேசை நடுவில், எல்லார் கண்ணெதிரிலும் உருட்டினாள். அது உருண்டு, சரிவுப் பக்கமாகத் திரும்பி, வரைபடத்தின் ஓரத்தில் நின்றது.

நான்கு.

ஒன்று கூடியிருந்தால் போதும். ஐந்து. அவள் அந்தப் பகடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசு, "தாளு மேல நின்னுருக்கு, சரியா படியலலா, இன்னொரு தடவ..." என்று இழுத்தான். இவன்தானே என்னிடம் கையெழுத்து வாங்கியவன்! அவன் சொல்லி முடிப்பதற்குள் தனத்தின் கை பகடைப் பக்கம் போனது. எடுத்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன். எடுத்துவிடக் கூடாதே என்று மனம் அடித்துக்கொண்டது. அவளுக்கும் அது எவ்வளவு கஷ்டம் என்பதை அவள் முகத்தில் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கையை இழுத்துக்கொண்டாள்.

"அக்கா," என்றாள், என் கண்ணைப் பார்த்து. "ஒங்க ஆளு செத்துட்டா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சற்று முன்னால் பென்சிலால் எழுதிய ஒரு சமையல்காரிக்காக அழுகிற கழுதை நானாகத்தான் இருப்பேன். அம்பி சார் ஜன்னல் பக்கம் பார்த்தார். தனம் சமாதானம் சொல்லவில்லை. நான் மூக்கைச் சிந்தி முடிக்கிற வரைக்கும் இருந்தாள். பிறகு அவள் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து என் முன்னால் வைத்து, பென்சிலையும் மேலே வைத்தாள்.

"வேற ஆளு எழுதுங்க. சார், நீங்க படகுல ஏறிட்டீங்களா இல்லையா?"